ஏழாம் வாசல் காவலாளி

சேனாபதிக்கு அமெரிக்காவின் சன்னிவேலில் பிழைப்பு, வீடியோ கேம் விளையாடிக் குற்றம் கண்டுபிடிப்பது. கதவு திறக்கவில்லை, குதிரை சுவருக்குள் மாட்டிக்கொள்கிறது, செத்தவன் எழுந்து நடக்கிறான் என்று நாள் முழுக்க எழுதிக்கொடுத்தால் சம்பளம். குற்றம் கண்டுபிடிப்பது அவனுக்குப் பிறவிக் குணம். கல்யாணத்துக்குப் போனால் ரசத்தில் உப்பு, கோயிலுக்குப் போனால் அர்ச்சகரின் உச்சரிப்பு. இதற்குக் காசும் கொடுக்கும் தேசம் ஒன்று இருக்கிறது என்று தெரிந்ததும் விமானம் ஏறிவிட்டான்.

காசு கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. அதற்குக் காரணம் அவன் சகலை நஞ்சுண்டன். மனைவி கலாவதியின் அக்காள் வான்மதியைக் கட்டியவர். கம்ப்யூட்டர் சிப் கம்பெனியில் டைரக்டர். ஃப்ரீமான்ட்டில் மேட்டின் மேல் வீடு, வீட்டுக்குள் மாடிப்படி இரண்டு. ஒன்றில் ஏறி இன்னொன்றில் இறங்கலாம் என்பதைத் தவிர அதற்கு வேறு பயன் இருந்ததாக யாருக்கும் தெரியாது. விருந்துக்குப் போகும்போதெல்லாம் சாம்பார் பரிமாறுவதற்குள் ஆரம்பித்துவிடுவார்.

"என்ன சகல, இந்த வாரம் எந்த ராஜகுமாரியைக் காப்பாத்துனீங்க?"

எல்லாரும் சிரிப்பார்கள். கலாவதியும் அக்காவுக்காகக் கொஞ்சம் சிரித்துவைப்பாள். சேனாபதி அப்பளத்தை நொறுக்குவான். அந்தச் சிரிப்பை ஒரு தடவையாவது நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு அமெரிக்காவில் வேறு பெரிய ஆசை இல்லை. கிரீன் கார்டுகூட அதற்குப் பிறகுதான்.

வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்ததுபோல, தொண்ணூற்றொன்பது ஜனவரியில் டோக்கியோவிலிருந்து ஒரு புத்தகம் வந்தது. ஏழு வாசல் கொண்ட கோட்டையிலிருந்து மக்கள் தப்பிக்கும் கேம் ஒன்று ஜப்பானில் சக்கைபோடு போட்டது. அதற்காக முந்தின வருஷம் சேனாபதி அங்கே போய் மூன்று வாரம் உட்கார்ந்து குற்றம் கண்டுபிடித்திருந்தான். இப்போது அதை மாங்கா ஆக்கியிருந்தார்கள். மாங்கா என்றால் நம் ஊர் மாங்காய் இல்லை, அவர்களுடைய சித்திரக் கதைப் புத்தகம். கூடவே ஒரு ஈமெயில். தங்கள் ஆலோசனைகளை மறக்க முடியாமல் ஒரு சிறு பாத்திரத்தைச் சேர்த்திருக்கிறோம், இவர் கேமில் கிடையாது, இந்தப் புத்தகத்துக்கென்றே உருவாக்கப்பட்ட ஒரிஜினல் பாத்திரம் என்று எழுதியிருந்தார்கள்.

ஒரிஜினல் என்ற சொல்லைப் படித்ததும் சேனாபதிக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகத்தைத் திறந்தான். அட்டையைப் பின்பக்கம் ஒட்டியிருந்தார்கள். ஜப்பான்காரனே பைண்டிங்கில் கோட்டை விட்டுவிட்டானே என்று அதிலும் ஒரு குற்றம் கண்டு சந்தோஷப்பட்டுக்கொண்டு, நம் வழக்கப்படி இடதுபக்கத்திலிருந்து புரட்டினான். ஏழாம் வாசலில் அவனே நின்றான். அதே மீசை, அதே கண்ணாடி, நெற்றியில் விபூதி, சட்டைப்பையில் பேனா. எழுத்து ஒன்றும் புரியவில்லை, படங்கள் போதுமாயிருந்தன.

முதலில் தரையில் ஒரு மூக்குக்கண்ணாடி கிடக்கிறது. அடுத்த பக்கத்தில் ஒரு ராட்சச மிருகம் வாயைப் பிளக்க, உள்ளேயிருந்து சேனாபதி வெளியே பாய்கிறான். ஒற்றை விரலை உயர்த்துகிறான். மிருகம் தூரப் போகிறது, இன்னும் தூரப் போகிறது, புள்ளியாகிறது. மதில்மேல் இருந்த ஜனங்கள் கீழே இறங்கி அவனைச் சூழ்ந்து கைகூப்பிக் கண்ணீர் விடுகிறார்கள். அவன் கர்வமே இல்லாமல் கதவின் கீலைச் சோதித்துக்கொண்டிருக்கிறான்.

சேனாபதிக்குக் கண் கலங்கியது. மூன்று வாரம் டோக்கியோவில் எல்லாரும் அவனைப் பார்த்துக் குனிந்து குனிந்து வணங்கியதன் அர்த்தம் இப்போது விளங்கியது.

விஷயம் எல் கமினோ ரியல் சாலையில் இருக்கும் அத்தனை தோசைக்கடைக்கும் பரவியது. கலாவதி அக்காவுக்கு ஃபோன் போட்டு முக்கால் மணி நேரம் பேசினாள். சன்னிவேல் முத்தமிழ் வட்டத்தின் தலைவர் ராமசுப்ரமணியன், திருநெல்வேலிக்காரர், பொங்கல் விழாவுக்குப் பொன்னாடை போர்த்த ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தார். போன வருஷம் கம்ப்யூட்டர்களின் ஒய்2கே கோளாறைச் சரிசெய்ய வந்த புரோகிராமர் ஒருவருக்குப் போர்த்தினார்கள், அவர் அடுத்த வாரமே ஊரைவிட்டுப் போய்விட்டார். அதனால் இதைக் கேட்டதும் தலைவருக்கு வாயெல்லாம் பல்.

"ஜப்பான் இலக்கியத்துல இடம்பெற்ற தமிழன். கேடயத்துல அப்படியே போட்டுருவோம்" என்றார். காரியதரிசி, "அது காமிக்ஸ் சார்" என்று இழுத்தபோது, "வே, அச்சுல வந்தா இலக்கியம்தான்" என்று முடித்துவிட்டார். பொன்னாடை போர்த்துவதற்கு, சாப்பாட்டுச் செலவை ஏற்றுக்கொண்ட நஞ்சுண்டனையே கூப்பிடுவது என்று முடிவாயிற்று. அதைக் கேட்ட அன்று சேனாபதி குளியலறையில் பாடினான்.

வீட்டில் ஒரே ஒருத்திக்குத்தான் சந்தேகம். மகள் ரோஷினி, பதினொரு வயது. ஜப்பான் கார்ட்டூன்களைப் பார்த்தே வளர்ந்தவள். விழாவுக்காக அப்பா அந்தப் பக்கங்களை புரொஜெக்டருக்கு நகல் எடுத்து வரிசையாக அடுக்குவதைப் பார்த்து, "அப்பா, யூ ஆர் டூயிங் இட் ராங். இட் கோஸ் தி அதர் வே" என்றாள்.

"தமிழ்ல சொல்லு."

"லைக், தி பேஜஸ்..."

"தமிழ்ல சொன்னாத்தான் கேப்பேன். பொங்கலும் அதுவுமா வீட்ல இங்கிலீஷ் பேசாதே."

ரோஷினி வாயைத் திறந்தாள், மூடினாள். அவளுடைய தமிழில் பசிக்குது, வேண்டாம், தூக்கம் வருது மூன்றும் இருந்தன. தலைகீழாகப் படிக்கிறீர்கள் என்பது இல்லை. "நெவர்மைண்ட்" என்று போய்விட்டாள். கம்பெனியின் பிழையெல்லாம் கண்டுபிடிக்கிறவன், சொந்த வீட்டில் வந்து சொன்ன பிழையை மொழிப்பற்றினால் துரத்திவிட்டான்.

விழா ஒரு ஹைஸ்கூல் கஃபெடீரியாவில் நடந்தது. கோலத்தை ஸ்டிக்கராக ஒட்டியிருந்தார்கள். குழந்தைகள் திருக்குறள் ஒப்பித்தார்கள், அம்மாக்கள் உதடசைத்து முடித்துவைத்தார்கள். சர்க்கரைப் பொங்கல் அலுமினியத் தட்டுகளில் ஆறிக்கொண்டிருந்தது. நஞ்சுண்டன் அரை மணி தாமதமாக வந்தார். தனியாக வரவில்லை. கூட சாம்பல் நிறக் கோட்டில் ஒரு ஜப்பான்காரர்.

"மொரிகாவா, எங்க டோக்கியோ கஸ்டமர். நம்ம கல்ச்சர் பாக்கணும்னு ஆசைப்பட்டாரு, கூட்டிட்டு வந்தேன். உங்க புக்கையும் படிச்சிருக்காராம் சகல. அவர் பசங்களுக்கு ரொம்பப் பிடிக்குமாம்" என்றார் நஞ்சுண்டன். முகத்தில் வெல்லப்பாகு வழிந்தது. அந்தப் புத்தகத்தில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிடத்தான் கஸ்டமரை இழுத்து வந்திருக்கிறார் என்பது, தன் பெருமையில் மூழ்கிக் கிடந்த சேனாபதிக்குத் தோன்றவில்லை. ஜப்பானிலிருந்தே சாட்சி வந்துவிட்டதே என்று பூரித்துப்போனான்.

மேடையேறி ஒவ்வொரு பக்கமாகத் திரையில் போட்டு விளக்கினான். "இங்க பாருங்க, மிருகத்தோட வாயிலேர்ந்து நான் வெளியே ஜம்ப் பண்றேன். இது என் விரல். இதைப் பாத்துட்டுத்தான் அது ரிட்டர்ன் ஆகுது. இது ஜனங்க, தேங்க்ஸ் சொல்றாங்க." கைதட்டல் கூரையைத் தொட்டது. நஞ்சுண்டன் கைதட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. சேனாபதி மேடையிலிருந்து அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இதற்குத்தானே இத்தனை வருஷம்.

தலைவருக்கு அத்தோடு நிறுத்தத் தெரிந்ததா? வந்த விருந்தாளியைச் சும்மா விடுவது தமிழ்ப் பண்பாடு ஆகாதே. ஜப்பானிய நண்பர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கை நீட்டினார்.

மொரிகாவா நல்ல மனிதர். யாரையும் கவிழ்க்க வந்தவர் இல்லை. மேடையேறி எல்லாருக்கும் வணங்கினார், புரொஜெக்டர் பக்கத்தில் கிடந்த நகல்களைப் பார்த்தார், தாள்கள் கலைந்துவிட்டன போலிருக்கிறது என்று நினைத்து, உதவி செய்யும் அக்கறையோடு மொத்தக் கட்டையும் திருப்பி அடுக்கினார். மன்னிக்க வேண்டும், எங்கள் நாட்டில் புத்தகம் வலதுபக்கத்திலிருந்து ஆரம்பிக்கும் என்று மெல்லிய இங்கிலீஷில் சொல்லிவிட்டு, சேனாபதி கடைசியாகக் காட்டிய தாளை முதலில் போட்டு, எழுத்தையும் படித்துச் சொன்னார்.

கதவின் கீலைச் சோதித்துக்கொண்டு ஒரு காவலாளி. ஜனங்கள் ஓடிவந்து, மிருகம் வருகிறது, திறந்துவிடு என்று கைகூப்பி அழுகிறார்கள். கீலில் சத்தம் வருகிறது, இந்தக் கதவு இன்னும் தயாராகவில்லை, திறக்க முடியாது என்கிறான் காவலாளி. ஜனங்கள் வெறுத்துப்போய் மதிலேறித் தப்புகிறார்கள். புள்ளியாகத் தெரிந்த மிருகம் பெரிதாகிக்கொண்டே வருகிறது. காவலாளி விரலை உயர்த்தி, உன் வாலில் ஒரு பிழை இருக்கிறது என்கிறான். மிருகம் வாயைத் திறக்கிறது. கடைசியில் தரையில் கண்ணாடி மட்டும் கிடக்கிறது.

"என் பிள்ளைகள் இந்த இடத்தில் எப்போதும் சிரிப்பார்கள்" என்றார் மொரிகாவா, பாராட்டாக.

முதலில் யாருக்கோ புரையேறியது. அப்புறம் அணை உடைந்தது. காரியதரிசி மேசையைத் தட்டிச் சிரித்தார். திருக்குறள் சொன்ன குழந்தைகள் தரையில் உருண்டார்கள். கலாவதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கினாள். அக்காவுக்காகச் சிரித்த சிரிப்பில்லை இது, சொந்தச் சிரிப்பு. ரோஷினி மட்டும் சிரிக்காமல் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேனாபதிக்குக் காது சுட்டது. டோக்கியோவில் மூன்று வாரமும் காலை முதல் மாலை வரை தான் சொன்னது அந்த ஒரே வாக்கியம்தான் என்று ஞாபகம் வந்தது. இன்னும் தயாராகவில்லை, வெளியிட முடியாது. அவர்கள் ஒவ்வொரு முறையும் குனிந்தார்கள். முகத்தை மறைத்துக்கொள்ளத்தான் குனிந்திருக்கிறார்கள். வலித்தது. ஒரு வார்த்தை நேரே சொல்லியிருக்கலாமே பாவிகள் என்று இருந்தது. படம் வேறு அச்சு அசலாக இருந்ததால் மறுக்கவும் வழியில்லை.

தலைவர் மைக்கைப் பிடுங்கினார். பொன்னாடைக்கு ரசீது போட்டாயிற்று, கேடயத்தில் பெயர் பொறித்தாயிற்று. "அன்பர்களே, அவங்க வலப்பக்கத்துலேர்ந்து படிப்பாங்க. நாம தமிழங்க, இடப்பக்கத்துலேர்ந்துதான் படிப்போம். நம்ம முறைப்படி இவர் வீரர்தான். பொன்னாடை போர்த்தலாம்" என்றார். இதற்கும் கைதட்டினார்கள். சன்னிவேலில் எதற்கும் கைதட்டுவார்கள்.

நஞ்சுண்டன் சிரித்துச் சிரித்துச் சிவந்த முகத்தோடு மேடையேறினார். பொன்னாடையைப் பிரித்தவர், ஆசை அடங்காமல் மொரிகாவா பக்கம் திரும்பினார். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"மிஸ்டர் மொரிகாவா, நெக்ஸ்ட் புக்ல என்னையும் போடச் சொல்லுங்களேன். ஹீரோவா."

மொரிகாவா அதை வேடிக்கைப் பேச்சு என்று எடுத்துக்கொள்ளவில்லை. கஸ்டமர் மரியாதை. நஞ்சுண்டனின் முகத்தை நேராகப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், சற்றுப் பின்னால் தள்ளி நின்று பார்த்தார். பல்லிடுக்கில் காற்றை இழுத்தார்.

"நஞ்சுண்டன் சானை வரைவது..." என்று, ஐயா என்பதற்கு அவர்கள் சொல்லும் சான் போட்டு நிறுத்தி, "சற்றுக் கஷ்டம்" என்றார்.

கூட்டத்துக்கு அது புரியவில்லை. மூன்று வாரம் டோக்கியோவில் உட்கார்ந்த சேனாபதிக்குப் புரிந்தது. அங்கே முடியாது என்று ஒருவனும் சொல்ல மாட்டான். கஷ்டம் என்றால் தீர்ந்தது, கடையைக் கட்டு என்று பொருள். பல வருஷம் அவர்களோடு வியாபாரம் செய்த நஞ்சுண்டனுக்கும் அது புரிந்துவிட்டது. சிரிப்பு அப்படியே பாதியில் நின்றது. மேட்டில் வீடு, டைரக்டர் நாற்காலி, இரண்டு மாடிப்படி எல்லாம் இருந்தும், ஒரு கோடு போட்டு இவர்தான் என்று காட்ட ஒன்றும் இல்லாத முகம் அது. சேனாபதி அதை அன்றுதான் முதன்முதலாகக் கவனித்தான். பாவமாகத்தான் இருந்தது, ஆனால் பொங்கல் அன்று அதைவிட இனிப்பாக அவனுக்கு எதுவும் கிடைத்துவிடவில்லை.

நஞ்சுண்டன் பொன்னாடையைப் போர்த்தினார். தோளில் மடிப்பைச் சரி செய்வதுபோல் நெருங்கி, மைக்குக்குக் கேட்காத குரலில் சொன்னார்.

"சகல, அந்தப் படம் வரையறவர் ஈமெயில் உங்ககிட்ட இருக்குமில்ல. ஹீரோ கீரோ எல்லாம் வேண்டாம். உங்க பக்கத்துல சும்மா ஒரு ஆளா நிக்க வெச்சாப் போதும். மிருகம் முழுங்குனாலும் பரவால்ல."

சேனாபதி பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டான். சகலையின் முகத்தை நேராகப் பார்த்தான், பக்கவாட்டில் பார்த்தான். பல்லிடுக்கில் காற்றை இழுத்தான்.

"சொல்லிப் பாக்கறேனுங்க சகல. ஆனா கொஞ்சம் கஷ்டம்."