சாப்பிட்டு முடியட்டும்

நாற்பத்தைந்து மணித்தியாலமும் இருபது நிமிடமும் தக்ஷிகா அதை வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை நாலு பத்துக்கு, லண்டன் ஈஸ்ட் ஹாம் வீட்டு வாசலில் அப்பா காரில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது, குசினி அடுப்பருகே அம்மாவின் போன் அடித்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ஸ்ரீதரன் சித்தப்பா, அப்பாவின் ஒன்றுவிட்ட தம்பி. அப்பாவின் ஒரே அண்ணன், சச்சிதானந்தன் பெரியப்பா, சற்று முன்னர் போய்விட்டார். கலியாணம் கட்டாத மனுசன். கொள்ளி வைக்கக் கூடப்பிறந்தவர் என்று அப்பாவை விட்டால் ஆளில்லை.

"திங்கள் காலமை பத்து மணி மட்டும் வைச்சிருப்பம் அண்ணி. அண்ணையை நாளைக்கு இரவு பிளைட்டில ஏத்திவிடுங்கோ."

அம்மா போனை வைத்தாள். சேலைத் தலைப்பால் முகத்தை அழுத்தித் துடைத்தாள்.

"இப்ப சொல்லாதை. கார் ஓடப்போறார். நெஞ்சில ஸ்டென்ட் வைச்சு மூண்டு மாசம் கூட ஆகேல்லை. போய் இறங்கிச் சாப்பிட்டு முடியட்டும்."

கெட்ட செய்தியை வெறும் வயிற்றில் சொல்வதில்லை. அந்த வீட்டுக்கு எல்லாச் சாவும் சோற்றுக்குப் பிறகுதான் வந்திருக்கிறது. தக்ஷிகா தலையாட்டினாள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை அவளுக்கு. நாள் முழுக்கக் குழாய்களோடு இருப்பவள், எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை.

லண்டனின் தெற்கு ஓரத்தில், ஒரு குன்றின் உச்சியில் இருந்தது அந்த விடுதி. ஒரு பக்கம் கசினோ, மறுபக்கம் தீம் பார்க். பதினொரு வயதுத் தங்கை ஹம்சாவுக்கு இரண்டு வருடமாகச் சொல்லிச் சொல்லித் தள்ளிப்போன பயணம். புறப்படும்போதே அம்மா அப்பாவின் போனை வாங்கித் தன் கைப்பைக்குள் போட்டுவிட்டாள்.

"ரெண்டு நாள் இது இல்லாமல் இருங்கோ."

"இருபத்தஞ்சு வருசம் கழிச்சு இப்பதான் ஹனிமூனோ?" என்றார் அப்பா.

"ஐயோ, ஸ்டாப்!" என்று ஹம்சா காதைப் பொத்தினாள்.

இரவுச் சாப்பாடு முடிந்தது. ஹம்சா அப்பாவின் தோளில் தூங்கிவிட்டாள். "நித்திரையைக் கெடுக்க வேண்டாம். காலமை சொல்லுவம்." காலைச் சாப்பாடு முடிவதற்குள் ஹம்சா அவரைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். "மத்தியானம் சாப்பிட்டாப் பிறகு."

அப்பாவை எந்த ராட்டினத்திலும் ஏற விடவில்லை. எல்லோருடைய ஜாக்கெட்டுகளையும் தோளில் போட்டுக்கொண்டு கீழே நின்று கை அசைத்தார். அம்மாவின் போன் அதிர்ந்தபடியே இருந்தது. பக்கத்து ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து கிருஷ்ணராசா மாமா செத்த வீட்டுக்கென்று சோறும் பருப்பும் சமைத்துக்கொண்டு வந்து, ஈஸ்ட் ஹாமில் பூட்டிய வாசலில் நின்றார்.

அம்மா அவசரத்தில் எழுதினாள்: "கோயிலுக்கு வந்தனாங்கள்."

"செத்த வீட்டுத் துடக்கோட கோயிலுக்கோ?" என்று வந்தது பதில்.

மத்தியானச் சாப்பாடு முடிந்து அம்மா கை கழுவிவிட்டு வருவதற்குள் அப்பா கசினோவுக்குள் போய்விட்டார். ஹம்சாவை உள்ளே விடமாட்டார்கள். அம்மா அவளோடு ராட்டின வரிசைகளில் நின்றபடி கசினோ வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். தானாகவே வெளியில் வருவார் என்றாள். வரவில்லை.

"அம்மா, ஆறு மணிக்குள்ள இஞ்சயிருந்து வெளிக்கிட்டாத்தான் பிளைட் பிடிக்கலாம். அதுக்குப் பிறகு ஏலாது."

"நீ போய்க் கூட்டிக்கொண்டு வா. உள்ள ஒண்டும் சொல்லிப்போடாதை. மனுசன் விழுந்திடும்."

தக்ஷிகா உள்ளே போனபோது மணி ஐந்துக்குப் பத்து. உள்ளே யன்னல் இல்லை, மணிக்கூடு இல்லை. ரூலெட் மேசையருகே அப்பா கைச்சட்டையை மடித்துவிட்டு நின்றார்.

"அப்பா, வாங்கோ."

"பொறு பிள்ளை."

பந்து ஓடி ஓடி அவர் வைத்த எண்ணில் விழுந்தது. மேசையைச் சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள்.

"பாத்தியோ! நீ வந்த கையோட விழுந்திட்டுது. அசையாதை, அப்பிடியே நில்!"

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் இப்படிச் சிரித்து அவள் பார்க்கவில்லை. மறுபடி வென்றார். காசுக்குப் பதிலாகக் கிடைத்த சிப்புகளை அவள் பக்கம் நகர்த்தினார்.

"இந்தக் காசில அண்ணைக்கு விசா எழுதுவம். இஞ்ச கொண்டுவந்து அந்தப் பெரிய ராட்டினத்தில ஏத்தவேணும். கத்துவார், பார்."

அவள் வாயைத் திறந்தாள். சக்கரம் சுற்றத் தொடங்கியது. "அப்பா" என்று ஒரு தடவை சொன்னாள். அவர் திரும்பாமல் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். போனைப் பார்த்தாள்: ஐந்து நாற்பது. பிறகு ஆறு. பிறகு ஆறு பத்து. அப்போது அவர் வென்றதெல்லாம் போயிருந்தது.

"சரி வா. பசிக்குது."

வெளியில் அம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். வாசலோர மரவாங்கில் உட்கார்ந்தாள்.

"இனிச் சொல்லி என்ன," என்றாள் மெதுவாக. "ஏன் மறைச்சனீங்கள் எண்டுதான் கேப்பார்."

அன்றிரவு இருவரும் தூங்கவில்லை. அப்பா குறட்டை விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கார் நிறுத்துமிடம். ஹம்சா பின் இருக்கையில் காதில் பாட்டோடு இருந்தாள். அப்பா சாவியைப் போடாமல் அம்மா பக்கம் கையை நீட்டினார்.

"போனைத் தாரும். ஒண்டரை ஆகுது. அண்ணை பாத்துக்கொண்டு இருப்பார்."

"சார்ஜ் இல்லை."

"அப்ப உம்மடையைத் தாரும்."

"வீட்ட போய் எடுங்கோவன். வழியில எங்கயாவது சாப்பிட்டு..."

"என்ன கதைக்கிறீர் சுவர்ணா? ஒரு ஞாயிறும் விட்டதில்லை நான். தக்ஷி, உன்ரையைத் தா."

நீட்டிய கை பின்பக்கம் வந்தது. அம்மா கண்ணாடியில் அவளைப் பார்த்துத் தலையை இல்லையென்று ஆட்டினாள். தக்ஷிகா போனைக் கொடுக்கவில்லை. அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்தாள்.

"பெரியப்பா வெள்ளிக்கிழமையே செத்துப்போனார் அப்பா. நீங்கள் கொள்ளி வைக்க வருவீங்கள் எண்டு நாளைக்குக் காலமை மட்டும் வைச்சிருக்கினம். நேற்று இரவுப் பிளைட்டில போயிருந்தா போய்ச் சேர்ந்திருப்பீங்கள். எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் நேற்று அந்த மேசையில உங்களுக்குப் பக்கத்தில நிண்டனான்."