மெட்டில்டா வீட்டுச் சாய்ப்புக்கு மேல் என்ன போடுவது?

1
இந்தக் கதை துறைமுகச் சாலையில் ஒரு கடை வாசலில் கிடைத்தது. சாய்ப்புக்கு மேலே என்ன போடுவது என்று ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒரு மணி நேரம் மல்லுக்கு நின்றார்கள். ஆணி வாங்கப் போன நான் ஆணியை மறந்து இதை வாங்கி வந்தேன். பெயர்களும் மீதியும் நான் போட்டவை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 1974 ஐப்பசி. கடலின் மேல் கருமேகங்கள் திரண்டு...

(அடித்துவிட்டேன். மேகம் திரளாத ஐப்பசியை யார் பார்த்தார்கள்?)

2
மில்லர்புரத்தில் மெட்டில்டா துணி தைக்கிறாள். வீட்டுக்குள் மெஷினுக்கு இடமில்லை. மெஷின் போடச் சாய்ப்பு இறக்கலாம் என்று சுவரை ஒட்டிக் கம்பு நட்டு, சரிவாகச் சட்டம் அடித்து ஆறு மாதம் ஆகிறது. மேலே வெறும் வானம். ஞாயிற்றுக்கிழமை புன்னைக்காயல் கோவிலில் பிலோமிக்குக் கல்யாணம். அவளுடைய வெள்ளைக் கவுன் மெஷினில் இருக்கிறது. அது கெட்டால் இனி ஒருத்தியும் இவளிடம் துணி கொண்டு வரமாட்டாள்.

3
புருஷன் வில்பிரட் தோணியில் தண்டல். கொழும்புக்குத் தோணி ஓட்டுகிறவர், பத்து ஆட்களுக்கு உத்தரவு போடுகிறவர். கடைக்காரர் ஆறுமுகநயினார் எதைக் காட்டினாலும் அவருக்குக் குறை.

"தகரமா? உப்புக்காத்துல ரெண்டே வருசத்துல சல்லடையாயிரும்."

"அப்ப ஆஸ்பெஸ்டாஸ் எடுங்க அண்ணாச்சி."

"தேங்கா விழுந்தா பொளந்துரும்."

"வீட்டுல தென்னை நிக்கா?"

"பக்கத்து வீட்டுல நிக்கி."

மெட்டில்டாவுக்குப் பொறுக்கவில்லை. "பனையோலை போடுங்க. உப்பளத்துல உப்பையே ஓலையப் போட்டுத்தான மழைக்கு மூடுதாவ?"

"ஏளா, சும்மா இரி. தண்டல் வீட்டுக்கு ஓலையா?"

(இங்கே நான் குறுக்கிட்டு ஆஸ்பெஸ்டாஸை வாங்க வைத்து இரண்டு பக்கம் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் மனுஷன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் படைத்த ஆள், எனக்கே அடங்கவில்லை.)

4
கடைசியில் தோணித் தார்ப்பாய் வந்தது. சரக்கறை வாயை மூடுகிற முறையிலேயே மூடினார். சரிவாக இருந்த சட்டத்தைக் கட்டை கொடுத்துத் தூக்கி மட்டமாக்கி, நாலு பக்கமும் இழுத்து ஆப்பு இறுக்கினார். "ஒரு சொட்டு எறங்காது. வெங்காயத்தையே நனையாம கொழும்புக்குக் கொண்டு போயிருக்கேன்."

கடலில் தோணி ஆடி ஆடித் தண்ணீரை வழித்துவிடும். வீடு எங்கே ஆடும்?

வியாழக்கிழமை மெட்டில்டா சாய்ப்புக்குள் மெஷினைப் போட்டுக் கவுனைத் தைத்துக்கொண்டிருக்கையில் மழை பிடித்தது. ஒரு சொட்டும் இறங்கவில்லை. எல்லாம் மேலேயே தங்கியது. தார்ப்பாய் நிறைசூலி வயிறு மாதிரித் தொங்கியது, சட்டம் முனகியது.

5
மெட்டில்டா கவுனை வாரிக்கொண்டு உள்ளே ஓடி...

ஓடவில்லை. மூன்று தரம் எழுதிப் பார்த்தேன்.

"உள்ள வாளா!"

"எதுக்கு? ஒரு சொட்டு எறங்காதுன்னு சொன்னியளே."

"கவுனு போயிரும்ளா."

"செஞ்சது தப்புன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. எந்திரிக்கேன்."

பதினாறு வருஷமாக அவர் சொன்னதெல்லாம் தீர்ப்பு, அவள் சொன்னதெல்லாம் தொணதொணப்பு. மெஷினை மிதித்தாள்.

6
கதையை முடிக்கச் சட்டத்தை முறித்துவிடலாம். பிலோமி பாவம், வேண்டாம். தண்டல் வாயைத் திறக்காமல் வெளிப்பக்கத்து ஆப்பைத் தட்டிவிட, தண்ணீர் முற்றத்தில் கொட்டி, கவுன் பிழைக்கலாம். உங்களில் பாதிப்பேர் இதைத்தான் கேட்பீர்கள். தரமாட்டேன், மெட்டில்டா என்னை மன்னிக்க மாட்டாள்.

மிச்சம், அவர் அந்த வார்த்தையைச் சொல்ல வேண்டியதுதான். அதை எழுத உட்கார்ந்து ஒரு வாரமாகிறது. நேற்று என் பெண்டாட்டி எட்டிப் பார்த்தாள். "ஒங்க வாயில ஒரு நாளாவது வந்திருந்தாத்தான கையில வரும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

பேனாவை மூடிவிட்டேன். மெட்டில்டா தைத்துக்கொண்டிருக்கிறாள், மேலே தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. வீட்டில் அதைச் சொல்லிப் பழகியவர் யாராவது இருந்தால் வந்து எழுதிக் கொடுங்கள். கொஞ்சம் சீக்கிரம்.