பிரபாகரின் பச்சைப் புள்ளி

பிரபாகர் இறந்துபோன செய்தி செவ்வாய்க்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவன் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்தது.

நிவேதிதா கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். சிங்கப்பூரில், கிளமெண்டி வட்டாரத்து வீட்டின் படுக்கையறை மூலையில், காயப்போட்ட துணிகளுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன மேசைதான் அவளுடைய ஆபீஸ். கணினியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது குழுவின் பெயர் வரிசை. பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி இருந்தால் ஆள் வேலையில் இருக்கிறார், புள்ளி வெளிறியிருந்தால் இல்லை. மனுஷன் இருக்கிறானா இல்லையா என்பதை ஒரு புள்ளியை வைத்துத் தெரிந்துகொள்கிற உத்தியோகம். மண்டாய் சுடுகாட்டில் கொண்டுபோய் எரித்துவிட்ட ஒருவன் நேரம் தவறாமல் வேலைக்கு வந்து உட்கார்ந்தால் யாருக்குத்தான் உதறல் எடுக்காது?

குழுவில் ஏழெட்டுப் பேர். பினாங்கில் ஒருத்தி, சென்னையில் மூன்று பேர், மற்றவர்கள் ஏதேதோ குளிர் தேசத்தில். எல்லாரும் அந்தப் புள்ளியைப் பார்த்திருப்பார்கள், ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பது இந்த வேலையில் ரொம்ப சுலபம்.

பத்து மணிக்கு மேலாளர் ஹஸீனா பினாங்கிலிருந்து அழைத்தாள்.

"நிவேதிதா, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"வீட்டுல யாரோ லேப்டாப்பைத் திறந்து வச்சிருக்காங்க போல. அதைத் திருப்பி வாங்கணும், உள்ள ஃபைல் எல்லாம் இருக்கு. கூரியர்காரனை அனுப்ப எனக்கு மனசு வரல லா. சிங்கப்பூர்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்க. போய் வாங்கிட்டு வர முடியுமா? அட்ரஸ் அனுப்புறேன்."

முடியாது என்பதற்கு அவளிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது. அது ஹஸீனாவுக்கும் தெரியும். ஆனாலும் இரண்டு பேருமே அதைப் பேச்சில் எடுக்கவில்லை. சரி என்று சொல்லிவிட்டாள்.

நிவேதிதா இந்த வேலைக்கு வந்து ஒரு வருஷம் முடிய இன்னும் சில வாரங்கள்தான் இருந்தன. அதற்கு முன்னால் ஒரு வங்கியின் அலுவலகத்தில் காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். நாற்பதை நெருங்கும்போது அந்தப் பிரிவையே மூடி, நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறுபயிற்சி வகுப்பில் தன் வயதில் பாதி வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மென்பொருள் சோதிக்கக் கற்றுக்கொண்டாள். அப்படிக் கிடைத்த வேலை இது. முதல் வருஷம் முடிந்ததும் பிடித்திருந்தால் வைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் ஒரு மின்னஞ்சலோடு கதை முடிந்துவிடும். அந்தப் பயம் ஒவ்வொரு நாளும் அவளோடு எழுந்து அவளோடு படுத்தது.

அந்த வருஷத்தில் அவள் கற்றுக்கொண்டது கொஞ்சமில்லை. மைக்கை அணைத்த பிறகுதான் குக்கரை வைக்க வேண்டும் என்று கற்றாள். கேள்வி கேட்காமல் முழித்துக்கொண்டிருந்தால் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவளை ஒருவரும் தேடிவந்து கேட்க மாட்டார்கள் என்று கற்றாள். இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தது பிரபாகர்தான். அவள் சோதித்ததை அவன் பார்த்துச் சரி சொன்னால்தான் வேலை அடுத்த கட்டத்துக்குப் போகும். காமிராவை ஒருநாளும் திறக்க மாட்டான், முகம் எப்படி இருக்கும் என்றே அவளுக்குத் தெரியாது. எழுத ஆரம்பித்தால் முதல் வார்த்தை "சாப்டாச்சா?" என்றுதான் இருக்கும். அவள் எவ்வளவு பெரிய தப்புச் செய்தாலும் குழுவில் போட்டு உடைக்க மாட்டான், தனியாக எழுதுவான். "தேக்கா பக்கம் வந்தா சொல்லுங்க, டீ குடிக்கலாம்" என்று இரண்டு மூன்று தடவை கூப்பிட்டிருந்தான். கண்டிப்பா என்று இவளும் பதில் போட்டிருந்தாள். போனாளா என்றால் இல்லை.

அப்படிப்பட்டவனைத்தான் அவள் குழுவில் போட்டு உடைத்தாள்.

தினமும் காலையிலும் மதியத்திலும் ஆளுக்கு மூன்று வரி எழுத வேண்டும் என்பது அங்கே வழக்கம். செய்தது என்ன, செய்யப்போவது என்ன, தடை ஏதும் உண்டா. தடை இல்லை என்றுதான் எல்லாரும் எழுதுவார்கள். ஆனால் அவள் வந்ததிலிருந்தே வாரத்தில் மூன்று நாள் ஒரே கூத்தாக இருந்தது. பிரபாகரின் பச்சைப் புள்ளி ஜோராக எரியும். அவள் எழுதுவாள், பதில் வராது. மறுபடி எழுதுவாள், வராது. மூன்று நான்கு மணி நேரம் கழித்து ஒன்றுமே நடக்காதது மாதிரி சாப்டாச்சா என்று வருவான். இவளுடைய வேலை தேங்கும், பெயர் கெடுவது இவளுக்கு. ஒருநாள் பொறுமை போய்விட்டது. மூன்றாவது வரியில் இப்படி எழுதினாள்: தடை, பிரபாகர். ஆன்லைனில் இருக்கிறார். காலையிலிருந்து பதில் இல்லை.

எல்லார் கண்ணிலும் பட்டது. ஹஸீனா அவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினாள். அன்று சாயங்காலம் அவனிடமிருந்து, "ஸாரி நிவேதிதா, இனிமே லேட் ஆகாது. சாப்டாச்சா?" என்று வந்தது. அதற்குப் பிறகு உடனுக்குடன் பதில் வந்தது. எழுத்துப்பிழை மலிந்த, ஒரு வார்த்தை இரண்டு வார்த்தைப் பதில்கள். சொன்னால்தான் நடக்கிறது என்று அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஆறேழு வாரத்தில் அவன் செத்துப்போனான்.

ஹஸீனா அனுப்பிய முகவரி தேக்கா சந்தையை ஒட்டிய அடுக்குமாடி. ஞாயிறுதோறும் நிவேதிதா ஆட்டிறைச்சி வாங்குகிற கடைக்குப் பக்கத்திலேயே லிஃப்ட். கையில் பையோடு வரிசையில் நின்ற நாட்களிலெல்லாம் அவன் தலைக்கு மேலே ஒன்பதாவது மாடியில் இருந்திருக்கிறான். அன்று மதியமே வெறுங்கையோடு ஏறினாள். எதை வாங்கிக்கொண்டு போவது என்று தெரியவில்லை.

கதவைத் திறந்தவர் பிரபாகரின் அப்பா வேலாயுதம். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். தோள் இன்னும் அகலமாக இருந்தது, முகம் மட்டும் வற்றியிருந்தது. எழவு வீட்டு வழக்கப்படி அவர் வாங்க என்று சொல்லவில்லை, கதவை அகலத் திறந்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

"கம்பெனியிலருந்தா?"

"ஆமா அங்கிள். கூட வேலை பார்த்தேன்."

பெயரை அவள் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. சுவரோரம் ஒரு முக்காலியில் பிரபாகரின் படமும் மாலையும் விளக்கும். அன்றுதான் அவன் முகத்தை முதலில் பார்த்தாள். நல்ல முகம், கொஞ்சம் சோர்ந்த கண். சாப்பாட்டு மேசையில் மடிக்கணினி திறந்திருந்தது. வேலாயுதம் போய் அதன் முன்னால் உட்கார்ந்து மவுஸை ஒரு விரலால் லேசாக நகர்த்திவிட்டு, இவள் பக்கம் திரும்பினார்.

"உட்காரும்மா. அவனுக்குக் கிட்னி ரெண்டும் போச்சு, தெரியுமில்ல?"

"தெரியாது அங்கிள்."

"எப்படித் தெரியும், அவன்தான் சொல்லலையே. வாரத்துல மூணு நாள் ரத்தம் சுத்தம் பண்ணப் போவான். போனா நாலு மணி நேரம் படுக்கை. முன்ன இருந்த கம்பெனியில உண்மையச் சொன்னான். கொஞ்ச நாள்ல ஆள் வேணாம்னுட்டாங்க. அதனால இங்க மூச்சு விடல."

பேசிக்கொண்டே மவுஸைத் தொட்டார். திரை மங்கப்போய் மறுபடி தெளிந்தது.

"சும்மா இருந்தா பச்சை லைட் போயிடுமாம். அசைக்கறதுக்குன்னே ஒரு மெஷின் விக்குதாம், கம்பெனி கண்டுபிடிச்சுடும்னு பயந்தான். நான் சும்மாதான இருக்கேன், நான் பார்த்துக்கறேன்டான்னு சொல்லிட்டேன். அவன் போற நாளெல்லாம் இங்கதான் உட்காருவேன். ஒண்ணுக்குக்கூட ஓடிப்போய் ஓடிவருவேன். ஒரு தடவகூட அணைய விட்டதில்ல."

அதைச் சொல்லும்போது அவர் குரலில் பெருமை இருந்தது. பச்சையும் பதிலின்மையுமாகக் கழிந்த அந்த மணி நேரங்களெல்லாம் நிவேதிதாவுக்கு முன்னால் வந்து நின்றன.

"திங்கட்கிழமை கிளம்பறப்பவும், 'நான் வர்ற வரைக்கும் பார்த்துக்குங்கப்பா'ன்னு சொல்லிட்டுத்தான் போனான். அங்கயே போயிட்டான்." அவர் திரையைப் பார்த்தார். "செத்துட்டான்னு தெரியாம இல்லம்மா. கொள்ளி வச்சவனே நான்தான். எல்லாம் முடிஞ்சு, இன்னிக்குக் காலையில ஒன்பதானதும் கை தானா இங்க வந்துடுச்சு. என்ன பண்றது?"

மடிக்கணினியை வாங்கிக்கொண்டு ஓடிவிட வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

"நல்லாத்தான் போயிட்டிருந்துச்சு. யாரோ ஒரு பொண்ணு எழுதிப் போட்டுட்டாளாம், ஆள் இருந்துக்கிட்டே பதில் சொல்லலன்னு. அன்னிக்கு அவன் மூஞ்சி செத்துப்போச்சு. அதுலருந்து லேப்டாப்பையும் தூக்கிட்டே போவான், கடைசி நாள்தான் தூக்க முடியலன்னு வச்சுட்டுப் போனான். ஒரு கையில ஊசி, இன்னொரு கையால டைப் அடிப்பான். ஏதோ அவசரம்னு ரெண்டு தடவ பாதியிலயே எழுந்து வந்துட்டான். டாக்டர் திட்டினாங்க. இப்ப ஹார்ட்டுன்னு சொல்றாங்க. எனக்கு என்ன தெரியும்."

ஒரு கையால் அடித்த பதில்கள். அதனால்தான் அத்தனை பிழை.

"எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, யாருடா அவள்னு கேட்டேன். பேர் சொல்ல மாட்டேன்னுட்டான். 'அவங்க புதுசுப்பா, வேலை நிக்குமா போகுமான்னு அவங்களுக்கும் பயம் இருக்கும்ல'ன்னான்."

அதுவரைக்கும் நிவேதிதா தாக்குப்பிடித்தாள். அவன் தன்னைத் திட்டியிருந்தால் கடைசிவரை வாயை மூடிக்கொண்டே இருந்திருப்பாள். விட்டுக்கொடுக்காமல் பேசியிருக்கிறான் என்று கேட்ட பிறகு மறைக்க முடியவில்லை.

"அந்தப் பொண்ணு நான்தான் அங்கிள்."

வேலாயுதம் அவளைப் பார்த்தார். படத்தின் முன்னால் எரிந்த விளக்கில் திரி படபடத்தது. மேசைமேல் இருந்த கை அசையவில்லை. அடிப்பாரோ என்றுகூட நினைத்தாள், அடித்தால் நல்லது என்றும் நினைத்தாள்.

"அப்ப நீ கூப்பிட்டது என்னையத்தான்," என்றார் மெதுவாக.

"அங்கிள்?"

"இந்த மூலையில மெசேஜ் வந்து வந்து விழும். ஒண்ணு, அப்புறம் ஒண்ணு. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது. 'எதையும் தொடாதீங்க, மவுஸை மட்டும் அசைங்க'ன்னு சொல்லியிருந்தான். யாரோ அவனை இவ்வளவு தேடுறாங்களேன்னு பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருப்பேன். அசைச்சுக்கிட்டே இருப்பேன்."

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லு. அந்த லைட் எரியாம இருந்திருந்தா நீ அப்படி எழுதியிருப்பியா?"

இப்படி ஒரு கேள்வி வரும் என்று அவள் நினைக்கவே இல்லை. மன்னிப்புக் கேட்பதற்கான வார்த்தைகள்தான் தொண்டைவரை வந்து நின்றன. ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. பதில் அவளுக்கு நன்றாகத் தெரியும். எழுதியிருக்க மாட்டாள். புள்ளி வெளிறியிருந்தால் ஆள் எங்கோ வெளியே போயிருக்கிறார், கிளினிக்குக்குப் போயிருக்கிறார், சாயங்காலம் வருவார் என்று பேசாமல் காத்திருப்பாள். ஆன்லைனில் இருக்கிறார் என்பதுதானே அவளுடைய கோபம் முழுவதும்.

அவர் விரல் மவுஸின் மேல் இருந்தது. ஒண்ணுக்குப் போனால்கூட ஓடிவந்த மனுஷன். உண்மையைச் சொன்னால் அந்த விரலை வைத்துக்கொண்டு இனி எப்படி உயிரோடு இருப்பார்?

"எழுதியிருப்பேன் அங்கிள்," என்றாள். "லைட் எரிஞ்சாலும் எரியாட்டாலும் எழுதியிருப்பேன். எனக்கு என் வேலை முடியணும், என் பேர் கெடக் கூடாது. அவ்வளவுதான் அன்னிக்கு என் மனசுல இருந்துச்சு. லைட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நிஜமாவா?"

"நிஜமா."

அவர் பெருமூச்சு விட்டார். தோள் கொஞ்சம் இறங்கியது. பிறகு அந்த வற்றிய முகத்தில் ஆத்திரம் மெல்ல மெல்ல ஏறி வந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இப்படியும் ஒரு மனசா," என்றார்.

கடைசியாக ஒரு தடவை மவுஸைத் தொட்டார். பிறகு மடிக்கணினியை மூடி, ஒயரைச் சுற்றி மேலே வைத்து, மேசையின் ஓரத்துக்குத் தள்ளினார். கையில் கொடுக்கவில்லை. அவளே எடுத்துக்கொண்டாள். எழவு வீட்டில் போய்வருகிறேன் என்று சொல்லக் கூடாது. ஒன்றும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தாள். பின்னால் கதவு ஓங்கிச் சாத்தப்பட்டது.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது கைபேசியைத் திறந்து பார்த்தாள். பிரபாகரின் புள்ளி வெளிறியிருந்தது. அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதாள். அந்தப் பெரியவர் சாகிறவரைக்கும் தன்னைத் திட்டட்டும், தன்னை மட்டும் திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டாள்.