காவலுக்கு இருக்கிறவள்

இப்போதெல்லாம் மனிதர்கள் வீடு எரிவதற்கு முன்னாலேயே அதற்கு விலை பேசி வைக்கிறார்கள். எங்கள் காலத்தில் தீப்பிடித்தால் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இப்போது கம்பெனிக்காரனைத் தேடி ஓடுகிறார்கள்.

தென்காசியில் எங்கள் தெருவில், சொக்கம்மாள் வீட்டு நடையில், அன்றைக்கு அப்படி ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காரன் உட்கார்ந்திருந்தான். ஆதித்தன் என்று பெயர். திருநெல்வேலிப் பையன். அவனுக்கு எதிரே நாற்காலியில் வல்லிநாயகம். கதவுக்குப் பின்னால் சொக்கம்மாள். நடுவில் எதிர்வீட்டுக்காரன் நான்.

நடுவில் நான் எதற்கு என்றால், வல்லிநாயகம் அவளுக்கு மூத்தார். செத்துப்போன புருஷன் சிவசைலத்தின் அண்ணன். அந்தக் குடும்பத்தில் தம்பி மனைவி மூத்தார் முகத்துக்கு நேரே நின்று பேசக்கூடாது. அவள் கதவிடம் சொல்வாள். நான் அவரிடம் சொல்வேன். கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு ஒரு தபால்காரன். இதற்கு மரியாதை என்று பெயர் வைத்திருந்தார்கள்.

வீடு வல்லிநாயகம் பேரில் இருந்தது. எதை வாங்கினாலும் மூத்தவன் பேரில் எழுதுவது அவர்கள் வழக்கம். மனை வாங்கியதும் சுவர் எழும்பியதும் சொக்கம்மாள் கழுத்தில் கிடந்த நகையால். நகைக்குப் பத்திரத்தில் இடம் கிடையாது. சிவசைலம் போன பிறகு ஓடு மாற்றுகிறவளும் வரி கட்டுகிறவளும் அவள்தான். வல்லிநாயகம் குற்றாலத்தில் சாரலுக்கு வருகிறவர்களுக்கு அறை விட்டுக்கொண்டு, "தம்பி பொண்டாட்டிய நான் தெருவுல விடல, பாத்தீரா" என்று எல்லாரிடமும் நல்ல பேர் வாங்கிக்கொண்டிருந்தார்.

பங்குனியில் பக்கத்துத் தொழுவில் வைக்கோல்படப்பு எரிந்து, இவள் வீட்டுப் பின்கட்டுக் கூரையும் கருகியது. பயந்துபோய் ஆதித்தனை வரச்சொன்னாள். அவன் வந்து, குடியிருக்கிறவர் பேரில் வீட்டை இன்ஷூர் செய்ய முடியாது, வீட்டுக்காரர் வரவேண்டும் என்றான். வீட்டுக்காரர் வந்துவிட்டார்.

"வீடு ஒங்க பேர்ல இருக்கு. எரிஞ்சா பணமும் ஒங்களுக்குத்தான்" என்றான் ஆதித்தன்.

வல்லிநாயகத்துக்கு முகம் மலர்ந்தது.

கதவு பேசியது. "எரிஞ்சா நான் எங்கன போவேன்னு கேளுங்க அண்ணாச்சி."

கேட்டேன்.

"எரியவா போகுது? நல்ல காரியம் பேசுத நேரத்துல என்ன பேச்சு" என்றார்.

"எரியாத வீட்டுக்கு நீரு எதுக்குக் கையெழுத்துப் போடுதீரு?" என்றேன்.

ஆதித்தன் பேனாவைத் திறந்தான். "இங்கன இருக்கவங்க என்ன உரிமையில இருக்காங்க? வாடகையா?"

"வாடகை இல்ல."

"அப்ப பாகம் உண்டோ?"

வல்லிநாயகம் துண்டால் கழுத்தைத் துடைத்தார். பாகம் என்ற சொல் கம்பெனிக் காகிதத்தில் ஏறினால் நாளைக்குக் கோர்ட்டில் இறங்கும் என்று பயந்தார்.

"பாகமும் இல்ல, ஒண்ணும் இல்ல. காவலுக்கு ஒரு பொம்பளைய வச்சிருக்கேன்னு எழுதுடே."

இதை நான் கதவுக்குச் சொல்லவேண்டிய அவசியம் இருக்கவில்லை.

உள்ளே கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம். பிறகு சொக்கம்மாள் ஒரு செப்புக் குடமும் துணி மூட்டையுமாக வெளியே வந்து, மூத்தார் முகத்துக்கு நேரே நின்றாள். அவர்தான் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"அண்ணாச்சி, அவள உள்ள போகச் சொல்லும்" என்றார் என்னிடம்.

"நேரதான நிக்கா. நீரே சொல்லும்."

சொக்கம்மாள் சாவியை நாற்காலிக் கையில் வைத்தாள். "தம்பி பொண்டாட்டின்னா இங்கனயே கெடந்து சாகணும். காவக்காரின்னா வேலைய விட்டுட்டுப் போகலாம்லா. நான் போறேன்."

போய்விட்டாள். அடுத்த தெருவில் பாலம்மாள் டீச்சர் வீட்டுப் பின்கட்டில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள்.

ஆதித்தன் பேனாவை மூடினான். "ஆள் இல்லாம பூட்டிக் கெடக்க வீட்டுக்குக் கம்பெனி ஒத்துக்கிடாது அண்ணாச்சி."

"வேற ஆள் வையும்" என்றேன் வல்லிநாயகத்திடம்.

"வைக்கவா? நாளைக்கு அவனும் பாகம் கேப்பான்."

"இவ கேட்டாளா?"

"கேட்டுருவாளோன்னுதான" என்றவர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஆனியில் சாரல் பிடித்தது. குற்றாலத்தில் அறை கிடைக்காமல் ஜனம் அலைந்தது. வல்லிநாயகமோ தென்காசியில், தன் வீட்டுக்குத் தானே காவலாக, ஒற்றைப் பாயில் கிடந்தார். கம்பெனிக்கு ஆள் காட்டவேண்டுமே. தண்ணீருக்குப் போகிற பெண்கள், "காவக்காரரு முழிச்சிட்டாரா?" என்று அவர் காதில் விழும்படி கேட்டுச் சிரித்தார்கள்.

பாலம்மாள் டீச்சர் ஒருநாள் தன் வீட்டு வாசலில் என்னை வழிமறித்தாள். "சொக்கம்மா ஜெயிச்சுட்டா, பாத்தீங்களா அண்ணாச்சி."

"வீடும் அவனுக்கு, எரிஞ்சா பணமும் அவனுக்கு. இவளுக்கு மாச வாடகை. இதுல எங்கன ஜெயிச்சா?"

சொக்கம்மாள் ஈரத் துணியைக் கொடியில் போட்டுக்கொண்டே சொன்னாள்: "இப்பம் நான் நல்லாத் தூங்குதேன் அண்ணாச்சி. எரிஞ்சா அவருக்குல்லா எரியும்."

டீச்சர் சிரித்தாள். கட்டின வீட்டை விட்டுக் கொடுத்தால்தான் ஒருத்திக்குத் தூக்கம் வரும் என்றால், அதை வெற்றி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படித்தவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன்.