ஒருத்திக்கு மட்டும் ஒரு கூடாரம்

சிரம்பான் கடைக்காரர் மூன்றாவது தடவையும் இரண்டு பேர் படுக்கிற கூடாரத்தைத்தான் எடுத்து விரித்தார். ஒரு ஆளுக்குத்தான் வேண்டும் என்று மலாயில் சொல்லிப் பார்த்தேன், ஒற்றை விரலைத் தூக்கியும் காட்டினேன். அவருக்கு மனசு கேட்கவில்லை. கொஞ்சம் கூடப் போட்டால் புருஷனும் பக்கத்தில் படுக்கலாமே என்கிறார். கூட வந்திருந்த, லோரி ஓட்டும் என் புருஷன் அந்தோணிதாஸ் உடனே அவர் கட்சிக்குத் தாவிவிட்டார்.

"அதான லா. பெருசாவே எடேன் பெர்னா. துணிமணி வைக்கவாச்சும் ஆகும்."

"தூக்குறது யாரு? உங்க லோரியா?"

கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் யார் தோற்றார்கள் என்று புரிந்துவிட்டது. கூடாரத்தை மடிக்க ஆரம்பித்தார்.

சங்கதி இதுதான். சுங்கை காடுட்டில் நான் வேலை செய்யும் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் மலையேறுகிற கூட்டம் ஒன்று உண்டு. இயந்திரம் பழுது பார்க்கும் முகுந்தன்தான் அதற்குத் தலைவன். இந்தத் தடவை டத்தோக் மலையில் ஏறி, காட்டு வழியாகவே ரெம்பாவ் மலைக்குப் போவது என்று முடிவு. நடுவில் ஒரு ராத்திரி மலை மேல் தங்க வேண்டும். என்னோடு ஒரே கூடாரத்தில் படுப்பதாக இருந்த ஷாமினிக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, அவள் வரவில்லை. மீதி எல்லாம் ஆண்கள். "அக்கா, உங்களுக்குன்னு ஒரு டென்ட் பாத்துக்கிட்டா வாங்க. ஒரு கிலோவத் தாண்டினா நீங்கதான் அழுவீங்க" என்றான் முகுந்தன்.

மலை எனக்குப் பயமில்லை. பயம் வேறு. எனக்கு நாற்பத்து மூன்று வயசு, இதுவரை ஒரு ராத்திரிகூடத் தனியாகத் தூங்கியதில்லை. சின்ன வயசில் தம்பின் ஊருக்குப் பக்கத்தில் ரப்பர்த் தோட்டத்து லயத்து வீட்டில் ஒரே பாயில் ஏழு பேர். அப்புறம் தொழிற்சாலை விடுதி, அடுக்குக் கட்டில். அப்புறம் கல்யாணம். இவர் லோரி எடுத்துக்கொண்டு ஜொகூர் போகும் நாட்களில், இப்போது குடியிருக்கிற மம்பாவில், எங்கள் எதிர்வீட்டு மாரியம்மாவிடம் போய்ப் படுத்துக்கொள்வேன். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தெருவைத் தாண்டும்போது என் மேலேயே எனக்கு எரிச்சலாக வரும். தனியாகப் படுத்தால் நான் என்ன ஆவேன்? விடியும்வரை முழித்துக் கிடப்பேனா, அழுவேனா, கத்துவேனா? தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் என் ஆசை. யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

கடையில் கிடைக்காததால் முதலில் தூளியைத்தான் நினைத்தேன். இரண்டு மரத்துக்கு நடுவே கட்டிப் படுக்கிற நைலான் தூளி. மேலே ஒரு விரிப்பைக் கட்டிவிட்டால் மழையும் படாது. விலையும் குறைவு, கனமும் இல்லை. ஒத்திகை பார்க்கத் தோட்டத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு எடுத்துப் போனேன். போன பிறகுதான் மண்டையில் உறைத்தது. ரப்பர் மரமெல்லாம் வெட்டி எத்தனையோ வருஷமாகிறது, சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை. மட்டைக்கு மட்டை முள். கயிறு கட்டப் போய்க் கையைக் கிழித்துக்கொண்டு வந்தேன். கடைசியில் கார் நிறுத்துகிற கொட்டகைத் தூண்களில் கட்டி ஏறிப் படுத்தால், உடம்பு வாழைப்பழம் போல வளைகிறது. புரண்டு படுக்கப் பார்த்தேன், தூளி என்னைத் தரையில் கொட்டிவிட்டது.

"தூளியில போடக் கொழந்த கொஞ்சம் முத்திப்போச்சு லா" என்றாள் அண்ணி.

அடுத்தது தார்ப்பாய். விலையிலும் கனத்திலும் அதை அடிக்க ஒன்றும் இல்லை. ஒரு துணி, நாலைந்து முளை, நடக்கும்போது ஊன்றுகிற கைத்தடி, அவ்வளவுதான். அதன் கீழே கொஞ்ச நேரம் படுத்துப் பார்த்தேன். எறும்பு ஊர்வலம் என் கழுத்து வழியாகத்தான் போயிற்று. மலையில் அட்டையும் வரும். வலை இல்லாமல் நமக்கு ஆகாது என்று அதையும் மடித்து வைத்தேன்.

அப்புறம் இணையத்தில் தேட ஆரம்பித்தேன். கை குழம்பைக் கிண்டும், கண் போனில் இருக்கும். எத்தனை விதக் கூடாரம்! ஒற்றைத் துணி, இரட்டைத் துணி, கூம்பு, சுரங்கம், சவப்பெட்டி மாதிரி ஒன்று. வாங்கியவர்கள் எழுதியதையெல்லாம் விடாமல் படித்தேன். படங்களில் ஒரே பனி. வியர்த்து வழிகிற ஆள் ஒருத்தர்கூட இல்லை. அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும். கடைசியில் பச்சை நிறத்தில் ஒன்று மனசுக்குப் பிடித்தது. ஒற்றைத் துணி, இரண்டு பக்கமும் கதவு, கதவுக்கு உள்ளே வலை. கம்பி கிடையாது, கைத்தடியை நட்டால் கூரை எழும்பிவிடும். கேள்விப்படாத கம்பெனி, ஆனால் பேர்பெற்றவை கேட்கிற விலையில் கால்வாசிதான். வந்த அன்றே அடுப்படித் தராசில் வைத்தேன். ஒரு கிலோவுக்குள் அடங்கியது. சந்தோஷத்தில் தராசைத் தட்டிக்கொடுத்தேன்.

மலிவுச் சாமான் ஆயிற்றே, ஓட்டை இருக்குமா? என் வேலையே ஓட்டை பார்ப்பதுதான். கையுறைக்குள் தண்ணீரை ஊற்றித் தொங்கவிடுவோம், கசிந்தால் ஒதுக்கிவிடுவோம். கூடாரத்துக்கும் அதே வைத்தியம்தான் என்று, துணி காயப்போடும் கம்பியில் தலைகீழாகக் கட்டி, வாளி வாளியாக உள்ளே ஊற்றினேன். அந்தோணிதாஸ் பல் விளக்கிக்கொண்டே வந்து பார்த்தார்.

"படுக்க வாங்கினியா, குளிக்க வாங்கினியா?"

"ஓட்ட பாக்குறேன்."

"டென்ட்டுக்கு உள்ள தண்ணி ஊத்துற ஆள இப்பதான் பாக்குறேன்."

சிரிக்கட்டும். ஒரு சொட்டுக் கசியவில்லை. காயவைத்து எடுத்துப்போய், சனிக்கிழமை சாயங்காலம் அண்ணன் வீட்டுக் கொல்லையில், செம்பனை வரிசை தொடங்கும் இடத்தில் நட்டேன். இருட்டுவதற்கு முன்பே உள்ளே போய் எல்லா ஜிப்பையும் இழுத்து மூடிக்கொண்டேன். சருகில் ஏதோ நடந்தது. பன்றியோ, அண்ணனின் நாயோ, கர்த்தருக்குத்தான் தெரியும். போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு கிடந்தேன். தூங்கியதாக ஞாபகமில்லை. வெளிச்சம் வருகிற நேரத்தில் மூக்கின் மேல் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் கூரை முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். போர்வையும் ஈரம், தலையணையும் ஈரம்.

ராத்திரி மழை போலிருக்கிறது என்று வெளியே வந்தேன். மண் காய்ந்து கிடந்தது.

"மழையே இல்லாம ஒழுகுற டென்ட்ட எங்க புடிச்ச?" என்றாள் அண்ணி.

என்னை அழைத்துப்போக வந்த அந்தோணிதாஸ் துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "திருப்பி அனுப்பிரு பெர்னா. இந்த வாட்டி மலைக்குப் போவ வேணாம்" என்றார். கேலி செய்யவில்லை. அவர் குரலில் நிம்மதிதான் இருந்தது. சண்டை போடத்தான் நினைத்தேன், ஆனால் எனக்குள்ளும் அதே நிம்மதி இருந்தது. கூடாரம் சரியில்லை, நான் என்ன செய்வேன், என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நிம்மதி வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை வேலை முடிந்து கையுறையைக் கழற்றினேன். விரல் நுனியிலிருந்து வியர்வை சொட்டியது. தினமும் சொட்டுவதுதான். தொட்டியில் எறிந்துவிட்டுப் போனவள் பாதி வழியில் நின்றுவிட்டேன். திரும்பிப் போய் அதை எடுத்து, உள்ளும் புறமுமாகத் திருப்பிப் பார்த்தேன். ஓட்டையே இல்லாத கையுறை. ஓட்டை இல்லாததால்தானே உள்ளே தண்ணீர்? அப்படியானால் அந்தக் கூரையில் நின்றதெல்லாம் என் மூச்சா? ஒரு மனுஷி ஒரு ராத்திரியில் அவ்வளவு தண்ணீரையா வெளியே விடுகிறாள்?

நேரே முகுந்தனிடம் போய்க் கேட்டேன்.

"ஆமாக்கா. எல்லாத்தையும் மூடிட்டுப் படுத்தா அப்படித்தான். காத்து இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போவணும். ரெண்டு கதவயும் சுருட்டிக் கட்டிருங்க, வலைய மட்டும் போடுங்க."

"மழ வந்தா?"

"ஒரு பக்கம் பாதி எறக்குங்க. சிம்பிள் லா."

அவனுக்குச் சிம்பிள். மூடிக்கொண்டே தூங்க முடியாதவளிடம் கதவைத் திறந்துபோட்டுத் தூங்கு என்கிறான். ஆனால் இனிமேல் கூடாரத்தைக் குறை சொல்ல வழியில்லை. அது நல்ல கூடாரம். மிச்சம் இருப்பது நான்தான்.

வீட்டில் அந்தோணிதாஸிடம் சொன்னேன். "ரெண்டு பேரு படுத்தா இன்னும் ஈரமாவும் போல" என்றார். பிறகு, "கதவத் தெறந்து போட்டுப் படுத்துருவியா?"

"பாக்கணும்."

லோரியில் கிடந்த நல்ல கயிறாகப் பார்த்து அளவாக வெட்டி, முனை பிரியாமல் நெருப்பில் காட்டி, என் பைக்குள் வைத்தார். அன்றைக்கு அவர் மேல் எனக்கு ரொம்பப் பிரியமாக இருந்தது.

ஏறிய அன்று சாயங்காலம் மலை மேல் எல்லாரும் கூடாரத்தை நட்டார்கள். "அக்கா, நீங்க நடுவுல போட்டுக்குங்க, சுத்தி நாங்க இருக்கோம்" என்றான் முகுந்தன். நடுவில் போய் நின்று பார்த்தேன். காற்று அசையவில்லை. ஓரத்துக்குப் போனேன், அங்கே சரிவிலிருந்து காற்று ஏறி வந்தது. அங்கேயே கைத்தடியை நட்டேன். இரண்டு கதவையும் சுருட்டிக் கட்டிவிட்டுப் படுத்தேன். ஒரு பக்கம் பேச்சுச் சத்தம், மறுபக்கம் காடு. பேச்சு ஒவ்வொன்றாக அடங்கியது. காடு அடங்கவில்லை.

பயம் வந்தது. சுருட்டிக் கட்டியிருந்த கதவை அவிழ்க்கக் கை போயிற்று. முடிச்சில் விரலை வைத்தபடியே கிடந்தேன். ஒரு கதவு வழியாக வந்த காற்று என் முகத்தைத் தாண்டி அடுத்த கதவு வழியாகப் போனது. அதில் ஏதோ பூவின் வாசம் இருந்தது. என்ன பூ என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

கண் திறந்தபோது மரங்களுக்கு நடுவே வெளுத்திருந்தது. கூரையைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த துணி. முகுந்தன் கோப்பிக் குவளையோடு வந்து வலைக்கு அந்தப் பக்கம் குந்தினான்.

"அக்கா, ராத்திரி பயமா இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"அய்யோ. அப்ப தூங்கவே இல்லயா?"

"நல்லாத் தூங்கினேன்."

அவன் முழித்தான். பயம் போன பிறகுதான் தூக்கம் வரும் என்று நாற்பத்து மூன்று வருஷமாக நானே காத்திருந்தவள், அவனை என்ன சொல்ல?