சிட்டம்மாள் முகம் தாங்கிய சுருள்

கூதிர்ப் பருவம் உத்திரமேரூருக்குள் ஓசையின்றிப் புகும். ஐப்பசி பிறந்த சில நாள்களில் தென்னங்கீற்றுகள் ஒருபுறமாகச் சாயும். நாற்றின் பசுமை கறுக்கும். ஏரிநீர் நாளொன்றுக்குக் கற்படி ஒன்றாகக் கரையேறும். காலையும் மாலையும் ஒரே நிறத்தவாய்க் கிடக்க, பேருந்து நிலையத்தில் நிற்போரும் குரலைத் தாழ்த்தியே பேசுவர். வானம் எவரையோ நினைந்து நினைந்து தன்னுள் உருகுவது போலத் தோன்றும் அப்பருவத்தில், அகன்று போனவர் நினைவு இருப்பவர் நெஞ்சில் மிகும். மழை பெய்யும் நாளிலும் அது மிகும். மழை பெய்யாது மேகம் நிற்கும் நாளில் இன்னும் மிகும்.

உத்திரமேரூரை அடுத்த மானாம்பதிச் சிட்டம்மாளின் உருவம் எந்தக் கைப்பேசியிலும் பதியாது. அவள் கணவன் முனியன் காலமாகி, மகன் ஆல்வின் வெல்டிங் வேலைக்கு மஸ்கட் சென்ற ஆண்டில் இது தெரியவந்தது. முதல் வீடியோ அழைப்பில் அவனுக்கு நீலச் சுவர் தெரிந்தது, நாட்காட்டி தெரிந்தது, தரையிலிருந்து தானே எழுந்து, சாய்ந்து, காலியாகி, மீண்டும் கீழிறங்கிய தேநீர் டம்ளர் தெரிந்தது. தாய் தெரியவில்லை.

“யம்மா, எங்க கீற? முன்னால வா.”

“முன்னாலதான்டா குந்திகினு கீறேன். நீ கண்ணைத் தொடச்சிக்கினு பாரு.”

அண்டை வீட்டார் பேசிகளிலும் அவ்வாறே ஆயிற்று. வாலாஜாபாத்திலிருந்து திருமணங்களுக்கு ட்ரோன் பறக்கவிட வரும் பிரேம்நாத், தன் விலையுயர்ந்த கேமராவால் அவளை நாற்பது முறை எடுத்து, நாற்பது வெற்று நாற்காலிகளைப் பெற்றான். மருத்துவர் நாடி பார்த்துச் சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். கழனி வேலைக்கு அவளை அழைப்போர் வழக்கம்போல் அழைத்தனர். நடவுக்குக் கையே வேண்டும், படம் வேண்டுவதில்லை. ஆகையால் இரண்டாண்டுகள் இச்செய்தி ஒரு பொருட்டாகவில்லை.

மூன்றாம் ஆண்டு ஆடியில் ஆல்வின் தன் தாயின் முகத்தை மறந்தான். மஸ்கட் காய்கறிக் கடையொன்றில் முன்பின் அறியாத அம்மையார் ஒருவரை “யம்மா” என்று அழைத்துக் கையைப் பற்றிக்கொண்டதாகவும், அவர் தன் கையை விடுவித்துக்கொண்டு ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொடுத்துச் சென்றதாகவும் அழுதுகொண்டே சொன்னான். ஒப்பந்தப்படி அவன் ஊர் திரும்ப மேலும் மூன்றேகால் ஆண்டு இருந்தது. அன்று சிட்டம்மாள் கழனிக்குப் போகவில்லை. பேருந்தேறி உத்திரமேரூர் வந்து, பஜார் வீதியில் ஜெகதீசனின் ஸ்டுடியோவுக்குள் நுழைந்து, “என்னைப் புடிச்சிக் குடு சார். எங்கியும் மாட்ட மாட்டேங்கிறேன்” என்றாள்.

ஜெகதீசன் பட்டு நெசவுக் குடும்பத்தவர். தமையன்மார் தறியில் அமர, இவர் கேமராவின் பின்னே நின்றவர். பிலிம் கேமரா ஒன்றை அவர் வைத்திருந்தது பழமைமேற் கொண்ட பற்றினால் அன்று. அது கெடவில்லை, ஆகவே மாற்றவில்லை. அதற்கு அவர் வாங்கும் கறுப்புவெள்ளைப் பிலிமை, அட்டையின் நிறத்தால் நீலப்பெட்டி என்று வழங்குவார்கள். அந்த நீலப்பெட்டியில் சிட்டம்மாள் பதிந்தாள். மூக்குத்தித் துளையும், இடப்புருவத் தழும்பும், சிரிக்கலாமா என்று தயங்கி நின்ற உதடும் பழுதின்றிப் பதிந்தன. அப்படத்தைக் கணினியில் ஏற்றியபோது முக்காலி மட்டும் ஏறிற்று. ஆகவே தாளில் அச்சிட்டு அஞ்சலில் மஸ்கட்டுக்கு அனுப்பினர். தாளிலும் முகம் முப்பது நாள்தான் தங்கும். முப்பத்தொன்றாம் நாள் தாள் வெளுத்துவிடும்; ஒருமுறை அச்சிட்ட சுருள்துண்டும் மறுமுறை முகம் தராது. எனவே திங்கள்தோறும் ஒரு படம் எடுத்து, அத்துண்டை மட்டும் இருட்டறையில் வெட்டிக் கழுவி, மீதிச் சுருளைக் கேமராவிலேயே விட்டுவைப்பது முறையாயிற்று. ஆல்வினும் தாயை மறவாதிருந்தான்.

மறு ஆண்டு ஆவணியில் நீலப்பெட்டி நிறுத்தப்பட்டது என்ற வதந்தி வந்தது. பிரேம்நாத் அதைக் கைப்பேசியில் பெற்று, வாலாஜாபாத் சாலையில் நின்ற அனைவர்க்கும் வழங்கினான். தொழிற்சாலை தீப்பற்றியது என்றனர்; தீப்பற்றவில்லை, விற்றுவிட்டார்கள் என்றனர். திருப்புலிவனத்தில் ஒருவர் வீட்டுப் பரணில் ஆயிரம் பெட்டிகள் உள்ளன என்று கேட்டுச் சென்றோர் அங்கே ஆயிரம் வௌவால்களைக் கண்டு திரும்பினர். பிலிமுக்கு வேண்டிய வெள்ளியனைத்தும் காஞ்சிபுரத்துச் சரிகைக்கே போய்விட்டது என்பது படம் எடுப்போர் கட்சி. சரிகைக்கு வேண்டிய வெள்ளியைப் பிலிம்தான் இத்தனை நாள் தின்றது என்பது நெசவாளர் கட்சி. இரு கட்சியாரும் ஒரே டீக்கடையில் எதிரெதிரே அமர்ந்தனர். சென்னைக் கடைகளில் இருப்பு இல்லை. ஜெகதீசனின் கேமராவுக்குள் பன்னிரண்டு படங்களுக்குரிய சுருள் எஞ்சியிருந்தது. ஆல்வின் வர இன்னும் முப்பத்தெட்டுத் திங்கள் இருந்தது, ஏனெனில் நிறுவனத்தார் அவன் ஒப்பந்தத்தை ஓராண்டு நீட்டியிருந்தனர்.

ஜெகதீசன் பிலிம் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவை எண்ணை அழைத்தார். தமிழுக்கு இரண்டை அழுத்தினார். “உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது, இணைப்பிலேயே காத்திருங்கள்” என்று ஒரு குரல் சொல்ல, சிறிய இசை ஒன்று தொடர்ந்தது. அவர் காத்திருந்தார். மாலையில் கடை அடைக்கும்போதும் இசை நின்றபாடில்லை. பேசியை மின்னிணைப்போடு ஆணியில் மாட்டிவிட்டுச் சென்றார். காலையில் அது பாடிக்கொண்டிருந்தது. பத்தாம் நாள் பூக்காரி திலகா, இவ்வளவு பொறுமையாய் ஒலிப்பது வெறும் கருவியாயிராது என்று கருதி, அதற்கு ஒரு முழம் கதம்பம் சாற்றினாள். மூன்றாம் வாரத்தில் பேருந்து நிலையத்து மைனாக்கள் அவ்விசையைக் கற்றன; நான்காம் வாரத்தில் அவற்றுள் மூத்தது “முக்கியமானது, முக்கியமானது” என்று தெளிவாய் உரைத்து, செங்கல்பட்டுப் பேருந்துக்கு நின்றோரை ஆற்றுப்படுத்திற்று.

நாற்பத்தெட்டாம் நாள், சிட்டம்மாள் படம் எடுக்க வந்திருந்த வேளையில், இசை நின்று ஒரு பெண்குரல் எழுந்தது.

“வணக்கம் சார், சாந்தினி பேசுறேன். காத்திருந்ததுக்கு நன்றி. எப்படி உதவலாம்?”

“நீலப்பெட்டிய நிறுத்திட்டீங்களாம்மா?”

“நிறுத்தியாச்சுன்ற தகவல் எங்க சிஸ்டம்ல இல்ல சார்.”

“அப்ப வருதா?”

“வருதுன்ற தகவலும் இல்ல சார்.”

“ரெண்டுல ஒண்ணு இருக்கணுமேம்மா.”

“உங்க ஆதங்கம் புரியுது சார். நீங்க ஏன் மொபைல்ல போட்டோ எடுக்கக் கூடாது?”

சிட்டம்மாள் பேசியைப் பறித்தாள். “யம்மா சாந்தினி, எம் புள்ள என் மொகத்த மறந்துடுவாம்மா. உங்கிட்ட கீற பிலிமுல முப்பத்தாறு மொகத்துக்கு மட்டும் குடு.”

“பாக்ஸ்ல இருக்கிற சீரியல் நம்பர் சொல்லுங்கம்மா.”

“மொகத்துக்கு ஏதும்மா நம்பரு?”

“நம்பர் இல்லாம புகார் பதிய முடியாதும்மா. வேற ஏதாவது உதவி வேணுமா?”

“நீ இன்னும் மொத ஒதவியே பண்ணலியே!” என்றாள் சிட்டம்மாள். இணைப்பு துண்டிக்கப்பட்டது. அன்றைய படத்தில் அவள் முகம் கடுகடுத்திருந்ததால், எவனோடு சண்டை என்று ஆல்வின் கேட்டு எழுதினான்.

அவ்வாண்டு ஆயுத பூஜை ஐப்பசியில் வந்தது. ஜெகதீசனின் மனைவி சாமுண்டீஸ்வரி பூஜையில் குறை வைக்காதவள். தறியென்றால் கட்டைக்கு மட்டுமன்றி ஒவ்வோர் அச்சுப் பல்லுக்கும் சந்தனம் தொட்டு வைக்கும் குடியில் பிறந்தவள். அவள் விளக்குகளுக்கும், குடைக்கும், முக்காலிக்கும், கத்தரிக்கும் பொட்டிட்டாள். கேமராவின் நெற்றிக்கும் இட்டாள். உள்ளே இருந்து உழைப்பதை விட்டுவிடுவது நன்றியன்று என்று எண்ணி, பின்கதவைத் திறந்து, சுருளை வெளியே இழுத்து, எஞ்சிய நீளம் முழுதும் சந்தனமும் குங்குமமும் வைத்து, கற்பூரம் காட்டி, மீண்டும் உள்ளே சுற்றி வைத்தாள். வெளிச்சம் பட்ட பிலிம் கெடும் என்பதை முப்பதாண்டு இல்லறத்தில் கணவர் அவளிடம் சொன்னதில்லை, அவள் கேட்டதுமில்லை.

“அய்யோ, ஏன் தொறந்த?” என்றார் ஜெகதீசன்.

“பூசை போடாத வுட்டா மட்டும் நல்லாருக்குமா?” என்றவள், காரணம் அறிந்தபின் அடுப்படியில் அமர்ந்து அழுதாள். செய்தி கேட்டு மழையில் நனைந்து வந்த சிட்டம்மாள் அவளை ஏசவில்லை. “அழுவாத யக்கா. எதுக்கும் கழுவிப் பாக்கச் சொல்லு” என்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வெளிச்சம் தின்ற சுருளைக் கழுவினால் அது முழுதும் கறுத்து வரும். இது தெரிந்தே ஜெகதீசன் கழுவினார். சுருள் கறுக்கவில்லை. முதற் சட்டத்தில் சிட்டம்மாள் இருந்தாள், இரண்டாவதில் இருந்தாள், பதினொன்று முடிந்த இடத்தில் சுருள் முடியாமல் தொட்டியிலிருந்து மேலும் வந்தது. ஸ்டுடியோவின் கொடிகள் நிறைந்தபின் தமையன்மாருக்கு ஆள் அனுப்பினார். விடிந்ததும் மழை இடைவெளி விட்டது. நெசவாளர் எண்மர், பட்டுப் பாவுநூலைத் தெருவில் இழுத்துக் கட்டும் மரக்கால்களைக் கொணர்ந்து, ஈரச் சுருளைப் பஜார் வீதியின் இம்முனையிலிருந்து அம்முனைவரை இழுத்துக் கட்டினர். அளந்தபோது நூற்றெட்டு முழம் இருந்தது. பேருந்துகள் சுற்றிச் சென்றன. அவ்வேளையில் ஜெகதீசனின் பேசிக்கு, தங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது, மதிப்பெண் தருக என்று குறுஞ்செய்தி வந்தது. சற்றே எண்ணிப் பார்த்து, அவர் ஐந்துக்கு ஐந்து அளித்தார்.

ஊரார் சுருளின் ஓரமாய் நடந்து பார்த்தனர். ஒவ்வொரு சட்டத்திலும் முகம் சிறிது மாறிற்று: ஒன்றில் சளி பிடித்திருந்தது, ஒன்றில் பொங்கலுக்கு எண்ணெய் வைத்திருந்தாள், இன்னும் எடுத்திராத புடவையொன்றை ஒன்றில் உடுத்தியிருந்தாள். முப்பத்தாறாம் முகத்தோடு அது நின்றது. அதற்கப்பால் வீதியின் கோடிவரை சுருள் தெளிந்த நீர்போல வெறுமையாயிருந்தது. வெறுமைக்கு என்ன பொருள் என்று அனைவருக்கும் ஒரே எண்ணம் தோன்றியது. அதை அவளிடம் சொல்லத் துணிவில்லை. பிரேம்நாத் தரையைப் பார்த்தான். சாமுண்டீஸ்வரி அவள் தோளைத் தொட்டாள்.

சிட்டம்மாள் அந்த வெற்றுச் சுருளை வெயிலுக்கு நேரே தூக்கி, முழம் முழமாகப் பார்த்துக்கொண்டே கோடிவரை நடந்து திரும்பினாள். அவள் முகம் மலர்ந்திருந்தது.

“இன்னாத்துக்கு எல்லாம் மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு கீறீங்க? முப்பத்தாறு மாசம் ஆனா அவன் வூட்டுக்கு வந்துடுவான். எதிருல குந்தி சோறு துன்றவனுக்குப் போட்டோ எதுக்கு?”

நெசவாளர் சுருளைப் பாவுபோல் சுற்றி அவளிடம் கொடுத்தனர். டீக்கடையில் வெள்ளி பற்றிய வழக்கு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. திங்கள்தோறும் ஒரு முகம் அச்சாகி மஸ்கட் சென்றது. அந்தந்தத் திங்களில் சிட்டம்மாள் எப்படி இருந்தாளோ அப்படியே அது இருந்தது. நீலப்பெட்டி நின்றுவிட்டதா என்பது இன்றளவும் உத்திரமேரூரில் எவர்க்கும் தெரியாது.

முதற் படத்தை அஞ்சலில் சேர்த்த மாலை அவள் மானாம்பதியில் இறங்கி, ஏரிக்கரைக் கன்னிமார் எழுவர்முன் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. அகலொன்றை ஏற்றி, சுடர் நிலைக்கும்வரை இரு கையாலும் அதற்குக் கூரை கட்டி அமர்ந்திருந்தாள். ஒன்றும் வேண்டிக்கொள்ளவில்லை. சுடர் நின்றபின் கும்பிட்டு எழுந்து வீடு சென்றாள்.

மாரி பருவம் தப்பாது பொழிக. ஏரிகள் கரை உடையாது நிறைக. தாயர் முகம் மக்கள் கண்ணில் நிலைபெறுக. கடல் கடந்தோர் நலமுடன் மீள்க. காத்திருப்போர் எவர்க்கும், எவ்வழியேனும், மறுமொழி வருக.