துரையின் மேசையில் மணிக்கயிறு

ராயப்பன் நண்பகல் செபத்துக்குக் கோயில் மணியை இரண்டு இழுப்பு இழுத்தான். மூன்றாவது இழுப்புக்குள் பெரிய துரை கைத்துப்பாக்கியோடு குளியல் தொட்டிக்குள் படுத்துவிட்டார். காவலுக்கு இருந்த ஸ்பெசல் போலீஸ்காரர்கள் காட்டைப் பார்த்துச் சுட வேண்டியதைக் கோயிலைப் பார்த்துச் சுட்டார்கள். முகப்பில் சிலையாக நின்ற மிக்கேல் சம்மனசுக்கு ஒரு காது போனது. அவர் காலடியில் மிதிபட்டுக் கிடந்த பேய்க்கு ஒரு கீறல்கூட இல்லை.

தப்பு ராயப்பன் மேல்தான். கம்யூனிஸ்டுகள் தோட்டத்துக்குள் புகுந்தால் மட்டுமே இனி மணி அடிக்க வேண்டும் என்று முந்தின வாரம்தான் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டில் உத்தரவு போட்டிருந்தார்கள். அவனும் தலையாட்டினான். மற்ற நாளில் ரப்பர்ப் பால் மரம் வெட்டி, ஞாயிற்றுக்கிழமை உபதேசியாராகும் அவனுக்குத் தலை நன்றாக ஆடும்; உள்ளேதான் எதுவும் தங்காது.

கயிற்றை அவிழ்த்து ஆபீசுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

துரை வேறு சபைக்காரர். ஆனாலும் கோலா சாவா பக்கத்தில் இருந்த அந்தத் தோட்டத்தில் கத்தோலிக்கக் கோயிலைக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். முட்டி போடுகிறவன் தொழிற்சங்கத்தில் சேர மாட்டான் என்பது அவருடைய விசுவாசம்.

மறுவாரம் சேசடியான் காய்ச்சலில் செத்துப்போனான். அந்த மணியை லோரியிலிருந்து தோளில் சுமந்து வந்து மேலே ஏற்றியவன் அவன். "நான் போறப்ப கஞ்சத்தனம் பண்ணாம அடிடா" என்று ராயப்பனிடம் சொல்லி வைத்திருந்தான். துக்கமணி அடித்த பிறகுதான் பெட்டியைத் தூக்குவது தோட்டத்துக் கிறிஸ்தவர்களின் வழக்கம். அவன் பெண்சாதி அந்தோனியம்மாள் பெட்டியைத் தூக்கவிடாமல் தொழிலாளர் லயத்து வாசலில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். ஊரடங்குக்கு முன்னால் அடக்கம் செய்யாவிட்டால் போலீஸ்காரர்களே தூக்கிப்போய்ப் புதைத்துவிடுவார்கள்.

ராயப்பன் ஆபீசுக்கு ஓடினான்.

"மணி கோயிலுது, கயிறு ஆபீசுது. எனக்கு எதுக்குலா வம்பு? துரையக் கேளு" என்றார் ஆபீஸ் கணக்கெழுதும் பெரிய கிராணி இராஜமாணிக்கம்.

துரை தமக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "சாமி விசயம் நான் தலை போடறது இல்லை. சாமியாரக் கேளு." கயிறு அவர் மேசையில் காகிதங்கள் பறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.

அடக்கத்துக்காகச் சிரம்பானிலிருந்து சாமியார் போலீஸ் வண்டியில் வந்து இறங்கினார். ராயப்பன் அவர் அங்கியைத் தொடாத குறையாகத் துக்கமணிக்கு அனுமதி கேட்டான்.

"அதிகாரத்துக்குக் கீழ்ப்படியணும்னு அப்போஸ்தலர் சின்னப்பரே எழுதியிருக்கார், ராயப்பா."

"எழுதினவர் தலையையும் அதே அதிகாரம்தானே சாமி வெட்டிச்சு?"

சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "துரையக் கேட்டுச் செய்" என்றார்.

துரையிடமிருந்து சாமியாருக்கும் சாமியாரிடமிருந்து துரைக்கும் போய் வந்தால் ஊரடங்கு வந்துவிடும் என்று கணக்குப் பார்க்க ராயப்பனின் தலையே போதுமானதாக இருந்தது. லயத்துக்குத் திரும்பினான். பெட்டிக்குள் கிடந்த சேசடியான், பணம் வாங்கிக்கொண்டு ஏமாற்றியவனைப் பார்ப்பதுபோல் கிடந்தான். ராயப்பன் பார்வையைத் திருப்பிக்கொண்டு அந்தோனியம்மாளின் எதிரே குந்தினான்.

"எல்லாரையும் கேட்டுட்டேன்க்கா. மணி யாருதுன்னு ஒருத்தருக்கும் தெரியல. அடிச்சா ஸ்பெசல்காரன் சுடுவான். அடிக்கலன்னா அண்ணன் மூஞ்சியப் பாக்க முடியல. கயிறுகூட இல்ல. நான் என்னதான் செய்யறது, நீயாவது சொல்லு."

அவள் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

"மேல ஏறி மணி நாக்கப் புடிச்சு ஆட்டு தம்பி. சுட்டாங்கன்னா, இதே ஒப்பாரியில உனக்கும் சேத்து அழுதுடறேன்."